பின்னல் போட்டு எக்ஸ்ட் கணக்கிடுவது: டி4 குவிவரில் ஒரு முழுக் கணக்கு

ஒரு குவிவரின் (முனைகளும் அவற்றை இணைக்கும் அம்புகளும் கொண்ட படம்) இரண்டு மாட்யூல்களைக் கொடுத்து அவற்றுக்கிடையே ஹோம், எக்ஸ்ட் என்ன என்று கேட்டால் பலரும் உடனே புரொஜெக்டிவ் ரெசல்யூஷனில் இறங்கிவிடுவார்கள். ஒரே ஒரு ஜோடி என்றால் அது போதும். பிளக்க முடியாத (இரண்டு சிறிய மாட்யூல்களின் நேர்க்கூட்டலாக எழுத முடியாத) மாட்யூல்கள் 12 இருந்தால் ஜோடிகள் 144. அத்தனைக்கும் ரெசல்யூஷன் எழுதப் பொறுமையும் போதாது, காகிதமும் போதாது. அந்த மாட்யூல்களையே முனைகளாகக் கொண்ட அவுஸ்லாண்டர்–ரைட்டன் குவிவரை ஒருமுறை பின்னி வைத்துவிட்டால் 144 விடைகளும் வெறும் கூட்டல் கழித்தலில் வந்துவிடும். அதை எப்படிச் செய்வது, எங்கே கணக்கு சத்தமில்லாமல் தப்பாகப் போகும் என்பதை ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். மாட்யூல், எக்ஸாக்ட் தொடர், எக்ஸ்ட் ஆகியவற்றின் வரையறைகள் தெரிந்திருந்தால் போதும்.

எடுத்துக்காட்டு டி4. முனைகள் 1, 2, 3, 4. அம்புகள் மூன்று: 1→4, 2→4, 3→4. ஒரு வெக்டர் வெளிக்குள் மூன்று உள்வெளிகள் எப்படியெல்லாம் கிடக்கலாம் என்ற கேள்வியின் குவிவர் வடிவம் இது. பரிமாண வெக்டரை (1, 2, 3 ஆகிய முனைகளின் பரிமாணங்கள், 4-ன் பரிமாணம்) என்ற வரிசையில் எழுதுவோம். இதில் சுழலும் அம்புச் சுற்று இல்லை, அம்புகளுக்கு நிபந்தனையும் இல்லை. எனவே இதன் பாதை இயற்கணிதம் ஹெரிடிட்டரி: புரொஜெக்டிவின் உள்மாட்யூல் எதுவும் புரொஜெக்டிவ், இரண்டாம் எக்ஸ்ட் எப்போதும் 0. பின்னல் சுலபமாக நடப்பது இதனால்தான். ஹெரிடிட்டரி இல்லாத இடத்தில் என்ன மாறும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதல் வேலை: வழக்கத்தை உறுதி செய்வது

சில புத்தகங்கள் இடது மாட்யூல் எடுக்கின்றன, சில வலது மாட்யூல். பாதைகளை எழுதும் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும். இங்கே நாம் எடுத்துக்கொள்வது: ஒவ்வொரு முனைக்கும் ஒரு வெக்டர் வெளி, ஒவ்வொரு அம்புக்கும் அம்பின் திசையிலேயே ஒரு நேரியல் உருமாற்றம். அப்படியானால் புரொஜெக்டிவ் பு1-ன் பரிமாணம் ஒரு முனையில் எவ்வளவு என்றால், 1-லிருந்து அந்த முனைக்குப் போகும் பாதைகளின் எண்ணிக்கை. இன்ஜெக்டிவ் இ1-க்கு அந்த முனையிலிருந்து 1-க்கு வரும் பாதைகளின் எண்ணிக்கை. எதுவும் செய்யாமல் நிற்கும் பாதையையும் ஒன்றாக எண்ண வேண்டும்.

பு4 = (0,0,0;1)
பு1 = (1,0,0;1), பு2 = (0,1,0;1), பு3 = (0,0,1;1)
இ4 = (1,1,1;1)
இ1 = (1,0,0;0), இ2 = (0,1,0;0), இ3 = (0,0,1;0)

எளிய மாட்யூல்களை எ1, எ2 என்று குறிப்போம். எ4-உம் பு4-உம் ஒன்றே. எ1-உம் இ1-உம் ஒன்றே.

இந்த இடத்தில் ஒரு சிறு சோதனை செய்தே ஆக வேண்டும். அம்பு 1→4 இருப்பதால் எக்ஸ்ட்(எ1, எ4) = 1 வரவேண்டும்; எக்ஸ்ட்(எ4, எ1) = 0 வரவேண்டும். எ4 புரொஜெக்டிவ் என்பதால் இரண்டாவது பொருந்துகிறது. இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பின்னத் தொடங்குவதுதான் இந்த வேலையில் மிக மோசமான பிழை. ஏனென்றால் புரொஜெக்டிவையும் இன்ஜெக்டிவையும் மாற்றிப் போட்டுவிட்டால் நீங்கள் பின்னுவது அம்புகள் எல்லாம் திரும்பிய குவிவரின் பின்னலாக இருக்கும். அதிலும் 12 மாட்யூல்கள்தான் வரும். பரிமாண வெக்டர்களும் அதே 12 தான். அவை அம்புகளின் திசையைப் பொறுத்தவை அல்ல. எண்ணிப் பார்க்கும் சோதனை எல்லாவற்றிலும் கணக்கு தேறிவிடும், ஆனால் ஒவ்வொரு எக்ஸ்டும் தலைகீழாக இருக்கும்.

பின்னல்

1970-களில் மாரிஸ் அவுஸ்லாண்டரும் இடுன் ரைட்டனும் கண்டறிந்த உண்மை இது: இன்ஜெக்டிவ் அல்லாத, பிளக்க முடியாத மாட்யூல் ம ஒவ்வொன்றுக்கும், அதில் தொடங்கும் ஒரு தனிச்சிறப்பான எக்ஸாக்ட் தொடர் உண்டு. அதன் மறுமுனையில் நிற்கும் மாட்யூலை ம-வின் எதிர் டௌ என்கிறோம்; அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ம அந்த மாட்யூலின் டௌ. நடுவில் நிற்பவை, அவுஸ்லாண்டர்–ரைட்டன் குவிவரில் ம-விலிருந்து அம்பு போகும் மாட்யூல்கள். எக்ஸாக்ட் தொடரில் நடுவின் பரிமாணம் இரு முனைகளின் பரிமாணக் கூட்டுத்தொகை. ஆகவே:

எதிர் டௌ(ம) = (ம-விலிருந்து அம்பு போகும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை) − ம

இந்த ஒரு கழித்தலைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் பின்னல். ஒவ்வொரு கழித்தலும் வலையில் ஒரு கண்ணி.

அம்புகள் எங்கிருந்து வரும்? இரண்டு வழி. ஒன்று, ஒரு புரொஜெக்டிவுக்குள் வரும் அம்புகள்: அதன் ராடிகலை (தன்னைத் தவிர்த்த மிகப் பெரிய உள்மாட்யூலை) பிளந்தால் கிடைக்கும் துண்டுகளிலிருந்து மட்டுமே வரும். இரண்டு, ம-விலிருந்து ய-வுக்கு அம்பு இருந்தால் ய-விலிருந்து எதிர் டௌ(ம)-வுக்கும் அம்பு உண்டு.

நம் குவிவரில் பு1, பு2, பு3 மூன்றின் ராடிகலும் பு4. எனவே முதல் நெடுவரிசையில் பு4-ஐ எழுதுங்கள். இரண்டாம் நெடுவரிசையில் பு1, பு2, பு3-ஐ ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பு4-லிருந்து மூன்றுக்கும் அம்பு போடுங்கள். இனி இடமிருந்து வலமாக:

மூன்றாம் நெடுவரிசை. பு1 + பு2 + பு3 − பு4 = (1,1,1;3) − (0,0,0;1) = (1,1,1;2). இதை ந என்று அழைப்போம்.

நான்காம் நெடுவரிசை. பு1-லிருந்து அம்பு போவது ந-வுக்கு மட்டும். எனவே ந − பு1 = (0,1,1;1). இது த1. அதே போல் த2 = (1,0,1;1), த3 = (1,1,0;1).

ஐந்தாம் நெடுவரிசை. த1 + த2 + த3 − ந = (2,2,2;3) − (1,1,1;2) = (1,1,1;1). இது இ4.

ஆறாம் நெடுவரிசை. இ4 − த1 = (1,0,0;0), அதாவது இ1. மற்ற இரண்டும் இ2, இ3.

ஏழாவதை முயன்றால்: இ1 + இ2 + இ3 − இ4 = (0,0,0;−1). எதிர்ம எண் வந்துவிட்டது. இ4 இன்ஜெக்டிவ் என்பதால் அங்கே தொடங்கும் தொடர் இல்லை. நிறுத்துங்கள். அந்த (0,0,0;−1)-ஐ மட்டும் அழிக்காமல் ஓரமாக வைத்திருங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

சில குவிவர்களில் புரொஜெக்டிவ்கள் ஒரே நெடுவரிசையில் சேர்ந்து நிற்காமல் சரிவாகப் பரவி நிற்கும். ஏ3-ஐ 1→2→3 என்று எடுத்தால் பு3 = (0,0,1), பு2 = (0,1,1), பு1 = (1,1,1). பு2-லிருந்து இரண்டு அம்புகள் போகின்றன: ஒன்று எதிர் டௌ(பு3) = (0,1,0)-க்கு, இன்னொன்று பு1-க்கு. இரண்டாவதை மறந்தால் (0,1,0) − (0,1,1) = (0,0,−1) என்று உடனே எதிர்மம் வரும்; மூன்று மாட்யூலோடு எல்லாம் முடிந்தது என்று தோன்றும். சேர்த்துக்கொண்டால் (0,1,0) + (1,1,1) − (0,1,1) = (1,1,0) சரியாக வரும். ஒரு மாட்யூலிலிருந்து கிளம்பும் எல்லா அம்புகளும் தெரியும்வரை அதன் எதிர் டௌ-வைக் கணக்கிடாதீர்கள்.

சரிபார்ப்பு

பியர் கேப்ரியல் 1972-இல் நிறுவிய தேற்றப்படி, இணைந்த ஒரு குவிவரில் பிளக்க முடியாத மாட்யூல்கள் முடிவுறு எண்ணிக்கையில் இருக்க, அம்புத் திசைகளை நீக்கிய அதன் வரைபடம் ஏ, டி, ஈ6, ஈ7, ஈ8 ஆகிய டிங்கின் வரைபடங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிக்கை: ஏ வகையில் n முனை என்றால் n(n+1)/2, டி வகையில் n(n−1), ஈ6-க்கு 36, ஈ7-க்கு 63, ஈ8-க்கு 120. டி4-க்கு 4×3 = 12. நம்மிடம் 1+3+1+3+1+3 = 12.

அடுத்த சோதனை ஆய்லர் வடிவம். இரு பரிமாண வெக்டர்களுக்கு, ஒவ்வொரு முனையிலும் இரண்டின் பரிமாணங்களைப் பெருக்கிக் கூட்டுங்கள். பிறகு ஒவ்வொரு அம்புக்கும், அம்பு தொடங்கும் முனையில் முதல் வெக்டரின் பரிமாணத்தையும் அம்பு முடியும் முனையில் இரண்டாம் வெக்டரின் பரிமாணத்தையும் பெருக்கிக் கழியுங்கள். கிடைக்கும் எண் ⟨ம, ய⟩. அது ஹோம்(ம,ய)-வின் பரிமாணத்திலிருந்து எக்ஸ்ட்(ம,ய)-வின் பரிமாணத்தைக் கழித்ததற்குச் சமம். டிங்கின் குவிவரில் பிளக்க முடியாத எந்த மாட்யூலுக்கும் ⟨ம, ம⟩ = 1 வந்தாக வேண்டும். ந-வுக்கு: 1+1+1+4 − (2+2+2) = 1. பெரிய பின்னலில் நான்கைந்து கண்ணிக்கு ஒருமுறை இதைப் போட்டுப் பார்த்தால் கழித்தல் பிழை முளையிலேயே அகப்படும். ஈ8-ல் 60-ஆவது கண்ணியில் தெரியவரும் பிழையைப் பின்னோக்கித் தேடுவது கொடுமை.

மூன்றாவது, கிடைவரிசைகளின் நீளம். பு1, த1, இ1 ஒரு வரிசை. பு4, ந, இ4 இன்னொன்று. டிங்கின் வரைபடம் ஒவ்வொன்றுக்கும் காக்ஸ்டர் எண் என்று ஒன்று உண்டு; டி4-க்கு அது 6. ஒவ்வொரு வரிசையிலும் அதில் பாதி, 3. டி வகையில் முனைகள் இரட்டைப்படை என்றாலும், ஈ7, ஈ8-லும் இப்படியே வரும்: எல்லா வரிசையும் காக்ஸ்டர் எண்ணில் பாதி (ஈ7-க்கு 9, ஈ8-க்கு 15), பு1-ன் வரிசை இ1-ல் முடியும். ஏ வகையில், ஒற்றைப்படை டி வகையில், ஈ6-ல் பு1-ன் வரிசை வேறொரு முனையின் இன்ஜெக்டிவில் முடியலாம். மேலே பார்த்த ஏ3-ல் பு3, (0,1,0), இ1 என்று மூன்று; பு2, (1,1,0) என்று இரண்டு; பு1 தனியாக ஒன்று, அதுவே இ3-உம் கூட. இப்படி ஒன்றின் கடைசியில் மற்றதன் இன்ஜெக்டிவ் வந்து ஜோடி சேரும் வரிசைகளின் நீளங்களைக் கூட்டினால் 3+1 = 4, ஏ3-ன் காக்ஸ்டர் எண். வரிசைகள் சமமாக இல்லையே என்று பதற வேண்டியதில்லை.

ஹோமை வாசிப்பது

ஒரு மாட்யூல் ம-வை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மற்ற ஒவ்வொன்றுக்கும் ஹோமின் பரிமாணம் என்ன என்று கேட்போம். பின்னல் படத்தில் ம-வின் இடத்தில் 1 எழுதுங்கள். அதற்கு இடப்புறம் இருப்பவற்றுக்கும், அதே நெடுவரிசையில் இருப்பவற்றுக்கும் 0. பிறகு அதே கண்ணி விதியை எண்களுக்குப் போடுங்கள்: புதிய எண் = நடுவில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை − கண்ணியின் இடது முனை எண். இதற்கு ஹாமக் என்று பெயர்.

பு4-லிருந்து தொடங்கினால்: பு4-ல் 1; பு1, பு2, பு3-ல் 1, 1, 1; ந-வில் 3−1 = 2; த1, த2, த3-ல் 2−1 = 1; இ4-ல் 3−2 = 1; இ1, இ2, இ3-ல் 0. ஹோம்(பு4, ய) என்பது ய-வின் 4-ஆம் முனைப் பரிமாணம்தானே. பரிமாண வெக்டர்களின் கடைசி எண்களை வாசித்தால் இதே வரிசை வருகிறது.

பு1-லிருந்து: பு1-ல் 1; பு2, பு3-ல் 0; ந-வில் 1; த1-ல் 1−1 = 0; த2, த3-ல் 1−0 = 1; இ4-ல் 0+1+1−1 = 1; இ1-ல் 1−0 = 1; இ2, இ3-ல் 1−1 = 0. முதல் எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

புரொஜெக்டிவ்களுக்கு இது வெறும் ஒத்திகை. பயன் புரொஜெக்டிவ் அல்லாதவற்றில். த1-லிருந்து: த1-ல் 1, த2, த3-ல் 0, இ4-ல் 1, இ1-ல் 0, இ2, இ3-ல் 1. முடிந்தது.

எதிர்மம் என்பது நகர்த்தப்பட்ட மாட்யூல்

ஓரமாக வைத்த (0,0,0;−1)-க்கு இப்போது வருவோம். அது −பு4. அதை விடாமல் பின்னலைத் தொடர்ந்தால், இ1-க்கு அடுத்தது (0,0,0;−1) − (1,0,0;0) = (−1,0,0;−1), அதாவது −பு1. அதற்குப் பிறகு −ந, −த1 என்று அதே பின்னல் எதிர்க் குறியோடு திரும்ப வருகிறது. 1980-களில் டீட்டர் ஹாப்பல் இதன் முழுப் பொருளையும் விளக்கினார். ஹெரிடிட்டரி இயற்கணிதத்தின் டெரைவ்ட் கேட்டகரியில் (மாட்யூல்களுக்குப் பதில் மாட்யூல்களின் தொடர்களைப் பொருள்களாகக் கொண்ட பெரிய அமைப்பில்) பிளக்க முடியாத ஒவ்வொரு பொருளும் ஒரு மாட்யூலை ஏதோ ஒரு இடத்துக்கு நகர்த்தியது மட்டுமே. ஒருமுறை நகர்த்தியதை [1] என்று குறித்தால், இன்ஜெக்டிவ்களின் முடிவும் பு[1]-களின் தொடக்கமும் ஒரே பின்னலாக ஒட்டிக்கொள்கின்றன. −பு4 என்று வந்தது பு4[1]. ஒருமுறை நகர்த்தினால் பரிமாண வெக்டரின் குறி மாறும், அவ்வளவே.

எக்ஸ்ட்(ம, ய) என்பது டெரைவ்ட் கேட்டகரியில் ஹோம்(ம, ய[1]). ஆகவே ஹாமக்கை மாட்யூல்களின் எல்லையோடு நிறுத்தாமல் அடுத்த பிரதிக்குள் நடத்திக்கொண்டு போனால் எக்ஸ்டும் அதே ஓட்டத்தில் கிடைக்கும். தனிச் சூத்திரம் வேண்டாம்.

இ4-லிருந்து செய்வோம். படத்தின் வலப்புறம் பு4[1], பிறகு பு1[1], பு2[1], பு3[1], பிறகு ந[1], பிறகு த1[1], த2[1], த3[1], இ4[1] என்று நீட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

இ4: 1
இ1, இ2, இ3: ஒவ்வொன்றும் 1
பு4[1]: 3 − 1 = 2
பு1[1], பு2[1], பு3[1]: 2 − 1 = 1
ந[1]: 3 − 2 = 1
த1[1], த2[1], த3[1]: 1 − 1 = 0
இ4[1]: 0 − 1 = −1

முதல் எதிர்மத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து எல்லாவற்றுக்கும் 0 போடுங்கள். ஆக எக்ஸ்ட்(இ4, பு4)-ன் பரிமாணம் 2; எக்ஸ்ட்(இ4, பு1) = 1; எக்ஸ்ட்(இ4, ந) = 1; எக்ஸ்ட்(இ4, த1) = 0.

ஹாமக் முடியும் இடத்துக்கும் ஒரு விதி உண்டு. ம-வில் தொடங்கிய ஹாமக்கின் கடைசிப் பூஜ்யமற்ற எண் டௌ(ம)[1]-ன் இடத்தில் இருக்க வேண்டும், அது 1 ஆக இருக்க வேண்டும். செர் இருமை சொல்வது இதைத்தான். டௌ(இ4) = ந; நம் ஹாமக் ந[1]-ல் 1 என்று முடிந்திருக்கிறது. புரொஜெக்டிவில் தொடங்கினால் அதற்குரிய இன்ஜெக்டிவில் முடியும்: பு4-லிருந்து போனது இ4-ல் முடிந்தது, பு1-லிருந்து போனது இ1-ல். வேறெங்காவது முடிந்தால் நடுவில் ஒரு கண்ணி நழுவியிருக்கிறது.

அந்த 2 எங்கிருந்து வருகிறது

0 அல்லது 1 மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு எக்ஸ்ட்(இ4, பு4) = 2 சந்தேகம் தரும். மூன்று வழியில் உறுதி செய்யலாம்.

ரெசல்யூஷன் வழி: 0 → பு4 ⊕ பு4 → பு1 ⊕ பு2 ⊕ பு3 → இ4 → 0. பரிமாணம் (1,1,1;3) − (0,0,0;2) = (1,1,1;1), சரி. பு4-க்குள் ஹோம் எடுத்தால் நடுப் பகுதி மறைகிறது, ஏனெனில் பு4-க்கு 1, 2, 3 முனைகளில் எதுவும் இல்லை, மிஞ்சுவது 2. ஆய்லர் வழி: ⟨இ4, பு4⟩ = 1 − 3 = −2, ஹோம்(இ4, பு4) = 0. மூன்றாவது அவுஸ்லாண்டர்–ரைட்டன் சூத்திரம்: ஹெரிடிட்டரியில் எக்ஸ்ட்(ம, ய)-வும் ஹோம்(ய, டௌ ம)-வும் ஒன்றுக்கொன்று இருமை. ஹோம்(பு4, ந) என்பது ந-வின் நான்காம் எண், 2.

எண் மட்டும் போதாது, விரிவாக்கத்தையே பார்க்க வேண்டும் என்றால் இப்படி. நடுவில் வரும் மாட்யூலின் பரிமாணம் (1,1,1;2). அதாவது இருபரிமாண வெளியில் மூன்று வெக்டர்கள். முதல் ஆயம் பு4-ன் பங்கு. இரண்டாம் ஆயம் இ4-ஆக வேண்டும். எனவே வெக்டர்களை (அ,1), (ஆ,1), (இ,1) என்று எழுதலாம். மூன்று எண்களோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் விரிவாக்கம் மாறாது; 3−1 = 2 என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று எண்களும் சமம் என்றால் தொடர் பிளந்துவிடும், நடுவில் இ4 ⊕ பு4. அ = ஆ, இ மட்டும் வேறு என்றால் நடுவில் த3 ⊕ பு3. மூன்றும் வெவ்வேறு என்றால் நடுவில் ந.

களத்தில் இரண்டே உறுப்புகள் இருந்தால் மூன்று வெவ்வேறு எண்கள் கிடைக்காது. அங்கேயும் எக்ஸ்டின் பரிமாணம் 2 தான். ந-வும் இருக்கிறது, பிளக்க முடியாததாகவே இருக்கிறது. ஆனால் பு4-ஐ உள்மாட்யூலாகவும் இ4-ஐ ஈவு மாட்யூலாகவும் கொண்டு அதைக் கட்ட முடியாது. பரிமாணக் கணக்கு களத்தைப் பொறுத்து மாறாது, நடுவில் யார் வருவார் என்பது மாறலாம்.

நிபந்தனைகள் இருந்தால்

இப்போது 1→2→3 என்ற குவிவரில் இரண்டு அம்புகளையும் அடுத்தடுத்துப் போட்டால் 0 என்று நிபந்தனை வையுங்கள். பு3 = (0,0,1), பு2 = (0,1,1), பு1 = (1,1,0). பு1-ன் ராடிகல் இப்போது பு2 இல்லை, எ2. அதாவது புரொஜெக்டிவ் அல்லாத ஒரு மாட்யூல். எனவே பு1 தொடக்கத்தில் நிற்காது, பின்னல் எ2-ஐ உண்டாக்கும்வரை காத்திருந்து அப்போது நுழையும்.

பின்னல்: பு3 → பு2. பு2 − பு3 = (0,1,0) = எ2. எ2 வந்ததும் பு1-ஐச் சேர்த்து எ2 → பு1 அம்பு போடுங்கள். பு2 என்பது இ3-உம் கூட, அதனால் அதற்கு எதிர் டௌ கிடையாது. பு1 − எ2 = (1,0,0) = எ1. பு1 = இ2, எ1 = இ1; நிறுத்தலாம். மொத்தம் 5. பு1-ஐ நுழைக்க மறந்தால் பின்னல் 3 மாட்யூலோடு நின்றுவிடும். நிபந்தனை உள்ள இயற்கணிதங்களில் எண்ணிக்கையை முன்கூட்டிச் சொல்லும் கேப்ரியல் தேற்றம் துணைக்கு வராது என்பதால் இந்தப் பிழை தானாக வெளிப்படாது. பின்னல் நின்றதும், எல்லா புரொஜெக்டிவும் எல்லா இன்ஜெக்டிவும் படத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வேலை முடியவில்லை.

எக்ஸ்ட் சூத்திரமும் இங்கே திருத்தம் கேட்கிறது. டௌ(எ1) = எ2. ஹோம்(பு2, எ2) = 1 என்பதால் பழைய சூத்திரப்படி எக்ஸ்ட்(எ1, பு2) = 1 வர வேண்டும். ஆனால் பு2 இன்ஜெக்டிவ், எக்ஸ்ட் 0. பொதுவான சூத்திரத்தில், ஹோமிலிருந்து இன்ஜெக்டிவ் வழியாகப் போகும் உருமாற்றங்களைக் கழித்துவிட வேண்டும்; பு2-லிருந்து கிளம்பும் எதுவும் அப்படிப்பட்டதே. முதல் மாட்யூலின் புரொஜெக்டிவ் பரிமாணம் (அதன் மிகக் குறுகிய ரெசல்யூஷனின் நீளம்) 1-க்கு மிகாமல் இருந்தால் கழிக்கத் தேவையில்லை, பழைய வடிவமே செல்லும். எ1-ன் ரெசல்யூஷன் 0 → பு3 → பு2 → பு1 → எ1 → 0, நீளம் 2. ஆகவே அது இங்கே செல்லாது. இரண்டாம் எக்ஸ்ட்(எ1, எ3) = 1 என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. ஆய்லர் வடிவத்தில் நிபந்தனைக்கும் ஓர் உறுப்பைக் கூட்ட வேண்டும்: நிபந்தனை தொடங்கும் முனையில் முதல் வெக்டரின் பரிமாணத்தையும் முடியும் முனையில் இரண்டாம் வெக்டரின் பரிமாணத்தையும் பெருக்கிச் சேருங்கள். ⟨எ1, எ3⟩ = +1, பொருந்துகிறது. குளோபல் பரிமாணம் (எல்லா மாட்யூல்களின் புரொஜெக்டிவ் பரிமாணங்களிலும் பெரியது) 2-க்கு மேல் போனால் இந்தக் குறுக்கு வழியும் போதாது.

பின்னல் நிற்காவிட்டால்

டி4-உடன் இன்னொரு முனையைச் சேர்த்து, ஐந்தாம் முனைக்கு நான்கு அம்புகள் வரும்படி செய்யுங்கள்: நான்கு உள்வெளிகளின் கணக்கு. பின்னல் அதே போல் தொடங்கும். நடு வரிசையில் (0,0,0,0;1), (1,1,1,1;3), (2,2,2,2;5) என்று ஒவ்வொரு முறையும் (1,1,1,1;2) கூடிக்கொண்டே போகும். எதிர்மம் வராது, இன்ஜெக்டிவ்களையும் எட்டாது. தொடங்கும் முன்னரே இதைக் கண்டுபிடிக்கலாம்: (1,1,1,1;2)-ஐ ஆய்லர் வடிவத்தில் தன்னோடு போட்டால் 4 + 4 − 8 = 0. பூஜ்யமற்ற ஏதாவது ஒரு பரிமாண வெக்டருக்கு ⟨ம, ம⟩ 0-வோ அதற்குக் கீழோ வந்தால் பின்னல் முடியப்போவதில்லை.

அதற்காகப் பின்னியது வீணல்ல. கிடைத்த பகுதிக்குள் ஹோம், எக்ஸ்ட் எல்லாம் முன்போலவே செல்லும். ஆனால் கெல்ஃபாண்டும் பொனமரேவும் வகைப்படுத்திய நான்கு உள்வெளி அமைப்புகளில், (1,1,1,1;2) பரிமாணமுள்ள ஒரு முழுக் குடும்பம் அந்தப் பின்னலின் எந்தக் கண்ணியிலும் வராது. வெக்டர்கள் (1,0), (0,1), (1,1), (1,ல) என்று எடுங்கள். ல என்பது 0, 1 தவிர எதுவும். இவற்றுக்கு நேராக அணியைப் போட்டுவிட வேண்டியதுதான்.

அந்த முறை எந்தக் குவிவருக்கும் செல்லும். ம, ய என்ற இரண்டு மாட்யூல்களுக்கு ஒவ்வொரு முனையிலும் ஒரு நேரியல் உருமாற்றத்தைத் தெரியாத அணியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அம்புக்கும் இரண்டு வழிகளை ஒப்பிடுங்கள்: ம-வின் அம்பில் போய்ப் பிறகு இறங்குவது, முதலில் இறங்கிப் பிறகு ய-வின் அம்பில் போவது. இரண்டின் வித்தியாசத்தை எழுதினால் கிடைப்பது ஒரு பெரிய நேரியல் உருமாற்றம். நிபந்தனை இல்லாத குவிவரில் அதன் உட்கரு ஹோம். அதன் வீச்சால் இலக்கு வெளியைப் பகுத்தால் மிஞ்சுவது எக்ஸ்ட். நான்கு உள்வெளிக் குடும்பத்தின் இரண்டு உறுப்புகளுக்குத் தெரியாதவை 4×1 + 2×2 = 8, சமன்பாடுகள் 4×2 = 8. ஒரே ல என்றால் அணியின் தரம் 7: ஹோமும் 1, எக்ஸ்டும் 1. வெவ்வேறு ல என்றால் தரம் 8: இரண்டும் 0. இரு சூழலிலும் ஆய்லர் வடிவம் 0 என்றே காட்டும் என்பதால் பரிமாண வெக்டரை மட்டும் பார்த்து விடை எழுதினால் பாதி நேரம் தப்பாகும்.

பெரிய அணிகளுக்கு ஜிஏபி மென்பொருளின் கியூபிஏ தொகுப்பு இருக்கிறது. பாதை இயற்கணிதங்களுக்காகவே எழுதப்பட்டது. அதில் எதைச் செய்தாலும், முதலில் ஒரே ஓர் அம்பு உள்ள குவிவரைக் கொடுத்து எக்ஸ்ட்(எ1, எ2), எக்ஸ்ட்(எ2, எ1) இரண்டில் எது 1 தருகிறது என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.